படச்சுருளிலிருந்து நினைவட்டைவரை: ஒரு வரலாற்று நோக்கு

புதிதாக ஓர் இலக்கமுறைக் கமராவைக் கொள்வனவு செய்யும் ஒருவர், அதன் வில்லையைப் பற்றியும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் பலரிடம் கேட்டறிந்து, நாட்கணக்கிற் சிந்தித்தே முடிவெடுக்கிறார். அக்கமராவினுள் இடப்படவேண்டிய நினைவட்டையை மாத்திரம், கடையை விட்டு வெளியேறும் வேளையில், விற்பனையாளர் நீட்டுவதை அப்படியே வாங்கிச் செல்கிறார். தபால் முத்திரையளவேயான இப்பொருளுக்கு ஒரு வரலாறு உண்டென்றோ, அவ்வரலாற்றை அறிந்தவரின் தெரிவு அறியாதவரின் தெரிவினின்றும் வேறுபடுமென்றோ பொதுவாக எவரும் கருதுவதில்லை.

எந்தவொரு சாதனத்தின் வரலாறும் அதனை ஆக்கியோரின் அறிவின் வரலாறாக மட்டும் அமைவதில்லை. அதனை விற்றோரின் நலன்கள், வாங்கியோரின் தேவைகள், இவ்விரண்டுக்குமிடையே எழுந்த முரண்பாடுகள், இணக்கங்கள் ஆகியவற்றின் வரலாறாகவும் அது அமைகிறது. நினைவட்டையும் இதற்கு விலக்கன்று. அதன் மேற்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள சிறு எழுத்துக்களும் இலக்கங்களும் ஒவ்வொன்றும் ஒரு காலகட்டத்தின் சுவடுகளாகும். அச்சுவடுகளை வாசித்தறிய முயல்வதும், அவ்வாசிப்பினடியாக இன்றைய தெரிவு எவ்வாறு அமைதல் வேண்டுமென ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாற்றுச் சான்றுகளைத் தேடிச் சென்று கமராவிற் பதிவு செய்யும் பழக்கம் மாணவரிடையே பெருகிவரும் இந்நாட்களில் இவ்வாராய்ச்சி பயனற்றதன்று என்பது எமது துணிபு.

படச்சுருளின் காலம்

1839ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் டாகேயின் ஒளிப்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. அதனைத் தொடர்ந்து அரை நூற்றாண்டுக்காலம் ஒளிப்படக்கலை வல்லுநர் சிலரின் கைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 'கொடாக்' என்ற பெயரிலே சந்தைக்கு விட்ட கமரா இந்நிலையை மாற்றியது. நூறு படங்களுக்குரிய சுருள் அதனுள் முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. படங்கள் எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கு படங்கள் கழுவி அச்சிடப்பட்டு, புதிய சுருளுடன் கமரா திருப்பி அனுப்பப்படும். படமெடுத்தல் எல்லார்க்கும் உரியதாயிற்று. எனினும், எடுத்த படத்தைக் காணும் உரிமை தொழிற்சாலையினூடாகவே கிடைத்தது.

1934ஆம் ஆண்டில் அதே நிறுவனம் 35 மில்லிமீற்றர் சுருளைச் சிறு உறையிலிட்டு விற்கத் தொடங்கியது. முப்பத்தாறு படங்களைக் கொண்ட அவ்வுறை பின்னர் உலகளாவிய நியமமாயிற்று. யேர்மனியில் ஆக்கப்பட்ட கமராவாயினும் யப்பானில் ஆக்கப்பட்டதாயினும் சோவியத் நாட்டினதாயினும், அவ்வுறை எதனுள்ளும் பொருந்தியது. இப்பொதுமை பின்வந்த தலைமுறைக்கு எளிதிற் கிட்டவில்லை என்பதை மேலே காண்போம்.

ஈண்டு மனங்கொளத்தக்க பிறிதொன்றும் உண்டு. படச்சுருள் ஒரே வேளையில் மூன்று தொழில்களை ஆற்றியது. ஒளியை உணர்ந்தது, உணர்ந்ததைப் பதிந்து வைத்தது, கழுவப்பட்டபின் மூலச்சான்றாகப் பல்லாண்டு நிலைத்தது. ஒருமுறை ஒளிபட்ட சுருளை மீண்டும் பயன்படுத்த இயலாது. ஆகவே, விரும்பிய படமும் விரும்பாத படமும் ஒரே சுருளில் அருகருகே எஞ்சின. இது படமெடுப்போருக்குச் செலவாகத் தோன்றியது. வரலாற்று மாணவனுக்கோ அது செல்வமாக அமைந்தது.

உணர்தலும் சேமித்தலும் பிரிதல்

இம்மூன்று தொழில்களும் ஒன்றையொன்று பிரிந்தமையே இலக்கமுறை ஒளிப்படத்தின் தோற்றுவாய் எனலாம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லாட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிப் படிக்கவல்ல குறைகடத்திக் கருவியொன்றிற்கு வழிகண்டனர். அதன்பொருட்டு 2009ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். ஒளியை உணரும் தொழில் இவ்வாறு சுருளிலிருந்து நீங்கியது. உணர்ந்ததை எங்கே வைப்பது என்ற வினா எஞ்சி நின்றது.

1975ஆம் ஆண்டு டிசெம்பரில் கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளரான ஸ்ரீவன் சசன் இவ்வினாவுக்கு முதல் விடையைத் தந்தார். அவர் அமைத்த மாதிரிக் கமரா ஏறத்தாழ 3.6 கிலோகிராம் நிறையுடையது. நிரைக்கு நூறாக நூறு நிரைகள், அதாவது 10,000 படப்புள்ளிகளை மட்டுமே கொண்டது. படத்தை ஒரு சாதாரண ஒலிப்பதிவுக் கசற் நாடாவிற் பதிந்தது. ஒரு படம் பதிவாவதற்கு 23 செக்கன்கள் தேவைப்பட்டன. கமரா கண்டதை உடனடியாகப் பதிய இயலாமையே பின்வந்த கால் நூற்றாண்டின் தலையாய இடர்ப்பாடாயிற்று.

1981ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் அறிமுகம் செய்த 'மவிக்கா' கமரா சிறு காந்தத் தட்டில் ஐம்பது படங்களைப் பதிந்தது. அப்பதிவு தொலைக்காட்சிச் சமிக்ஞையின் வடிவிலேயே இருந்தமையால் அதனை முழுமையான இலக்கமுறைக் கமராவாகக் கொள்ளல் பொருந்தாது. 1988ஆம் ஆண்டில் பியூஜி நிறுவனம் காட்சிப்படுத்திய 'டி.எஸ். 1பி' என்ற கமராவிலேயே கழற்றி மாட்டத்தக்க குறைகடத்தி அட்டை முதன்முதலாக இடம்பெற்றது. அவ்வட்டை இரண்டு மெகாபைற்று கொள்ளளவுடையது. ஐந்து தொடக்கம் பத்துப் படங்களைத் தாங்கியது. ஆனால், அதனுள்ளிருந்த நினைவகம் மின்னோட்டம் உள்ளவரையிலேயே நினைவு வைத்திருக்கவல்லது. அதன்பொருட்டு அட்டையினுள்ளே ஒரு மின்கலம் வைக்கப்பட்டிருந்தது. மின்கலம் ஓய்ந்தால் படமும் மறைந்துவிடும்.

1991ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம் நிக்கொன் கமராவொன்றின் உடலைக் கொண்டு அமைத்த தொழில்முறைக் கமராவோ, 200 மெகாபைற்று வன்தட்டைத் தனிப்பெட்டியில் வைத்துத் தோளிற் சுமக்கச் செய்தது. சுமையின்றியும் மின்கலத்தின் தயவின்றியும் நினைவு வைத்திருக்கவல்ல ஒரு பொருளுக்காகக் கமரா காத்திருந்தது என்பதே இவ்வெடுத்துக்காட்டுக்களிலிருந்து புலனாவதாகும்.

பளிச்சீட்டு நினைவகத்தின் பிறப்பு

அப்பொருளின் வேர்கள் கமராத் தொழிலுக்கு அப்பால் இருந்தன. 1967ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டாவொன் காங், சைமன் ஸீ ஆகியோர் காவலியினாற் சூழப்பட்ட 'மிதக்கும் கதவம்' ஒன்றினுள் இலத்திரன்களைச் சிறைப்படுத்தி வைக்கலாமெனக் காட்டினர். காவலி சூழ்ந்திருப்பதனால், மின்னோட்டம் நின்றபின்னரும் இலத்திரன்கள் அங்கேயே தங்கும். இலத்திரன் உண்டா இல்லையா என்பதே ஒன்று, பூச்சியம் என்ற இரு நிலைகளாக வாசிக்கப்படும். 1971ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தின் டொவ் புரோமன் இக்கொள்கையைக்கொண்டு அழித்தெழுதத்தக்க நினைவகமொன்றை ஆக்கினார். ஆயின், அதனை அழிப்பதற்குச் சில்லினைக் கழற்றி, அதன் மேலிருந்த சிறு பலகணியூடாகக் கழியூதாக் கதிரைச் செலுத்தவேண்டியிருந்தது.

யப்பானின் தொஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா, நினைவகத்தின் பெரும்பகுதியொன்றை மின்னினாலேயே ஒருங்கே அழிக்கும் முறையைக் கண்டார். 1984ஆம் ஆண்டில் இதனையும், 1987ஆம் ஆண்டில் இதனினும் செறிவான 'நான்ட்' என்னும் அமைப்பையும் அவர் உலகறியச் செய்தார். ஒரே கணத்தில் யாவும் அழியுந் தன்மை கமராவின் பளிச்சீட்டை நினைவூட்டியதால், அவருடன் பணிபுரிந்த ஷோஜி அரிஸுமி என்பவர் அதற்குப் 'பிளாஷ்' என்ற பெயரை முன்மொழிந்தார். கமராவின் ஓருறுப்பிலிருந்து பெயரைக் கடன்பெற்ற நினைவகம் பின்னர் கமராவின் உள்ளுறுப்பாகவே அமைந்தது. அப்பெயர் பதிதலைக் குறிப்பதன்று, அழித்தலைக் குறிப்பது. இவ்வுண்மைக்கு இக்கட்டுரையின் இறுதியில் மீளுவோம்.

கண்டுபிடித்தவரின் கதியும் குறிப்பிடத்தக்கது. மசுவோக்கா 1994ஆம் ஆண்டில் நிறுவனத்தை விட்டு நீங்கித் தொஹோக்கு பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். தமது கண்டுபிடிப்புக்குத் தக்க ஊதியம் கிடைக்கவில்லையென 2004ஆம் ஆண்டில் வழக்குத் தொடர்ந்தார். நூறு கோடி யென் கோரிய அவ்வழக்கு, 2006ஆம் ஆண்டில் 8 கோடி 70 இலட்சம் யென்னுடன் இணக்கமாக முடிவுற்றது. உழைப்போனின் மூளையும் நிறுவனத்தின் உடைமையாகிவிடும் உற்பத்தி உறவுகளுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு எனின் மிகையாகாது.

வடிவங்களின் போர்

தொழில்நுட்பம் ஒன்றாயிருந்தும், அதனைப் பொதிந்து விற்ற உறைகள் பலவாயின. 1994ஆம் ஆண்டில் சான்டிஸ்க் நிறுவனம் 'கொம்பக்ற் பிளாஷ்' அட்டையை அறிமுகம் செய்தது. 43 மில்லிமீற்றர் நீளமும் 36 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட அவ்வட்டையின் விளிம்பில் ஐம்பது துளைகள் இருந்தன. அவற்றுக்குரிய ஐம்பது ஊசிகளும் கமராவினுள் இருந்தன. நினைவகத்தை ஆளும் சில்லு அட்டையினுள்ளேயே வைக்கப்பட்டிருந்தமை இதன் சிறப்பாகும். அட்டையின் உள்ளமைப்பு எவ்வாறு மாறினும் கமரா அதனை அறியவேண்டியதில்லை. இதனாலேயே இவ்வட்டை, பிறந்தபோதிருந்த சில மெகாபைற்றுகளிலிருந்து பல கிகாபைற்றுகள்வரை வளர்ந்து, ஏறத்தாழ இருபதாண்டுகள் தொழில்முறைக் கமராக்களில் நிலைத்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1999ஆம் ஆண்டளவில் இதே பொருத்துமுறைக்கு அமைய ஓரங்குலத் தட்டைக்கொண்ட நுண் வன்தட்டையும் சந்தைக்கு விட்டது.

1995ஆம் ஆண்டில் தொஷிபா நிறுவனம் வெளியிட்ட 'ஸ்மார்ட் மீடியா' இதற்கு மறுதலையானது. அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர் மட்டுமே. மெலிவையும் மலிவையும் நாடிய அதன் ஆக்குநர் ஆளுஞ் சில்லினை அட்டையில் வைக்காது கமராவின் பொறுப்பில் விட்டனர். விளைவு யாது? அட்டையின் கொள்ளளவு பெருகியபோதெல்லாம் பழைய கமராக்கள் புதிய அட்டையை அடையாளங்காண இயலாது திகைத்தன. 128 மெகாபைற்றுடன் அதன் வளர்ச்சி நின்றது.

1997ஆம் ஆண்டில் சீமென்ஸ், சான்டிஸ்க் ஆகிய நிறுவனங்கள் இணைந்து முத்திரையளவான 'மல்ரிமீடியா' அட்டையை ஆக்கின. அதே ஆண்டில் சோனி நிறுவனம், கணினிகளில் அன்று சாதாரணமாகக் காணப்பட்ட மூன்றரை அங்குல நெகிழ்தட்டையே தனது கமராவொன்றிற் பயன்படுத்தியது. அத்தட்டின் கொள்ளளவு ஒன்றரை மெகாபைற்றுக்கும் குறைவாயினும், எந்தக் கணினியிலும் படங்களை உடனே பார்க்கமுடிந்தமையால் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். கொள்ளளவினும் பொதுமையையே பாவனையாளர் பெரிதும் வேண்டினர் என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆயினும், 1998ஆம் ஆண்டில் அதே சோனி, தனக்கே உரிய 'மெமரி ஸ்ரிக்' அட்டையைக் கொணர்ந்தது. 2002ஆம் ஆண்டில் ஒலிம்பஸ், பியூஜி நிறுவனங்கள் 'எக்ஸ்டி' அட்டையைக் கொணர்ந்தன. ஒலிம்பஸ் கமராக்கள் சிலவற்றில், அகன்ற காட்சிகளைத் தொடுத்தெடுக்கும் வசதி அந்நிறுவனத்தின் பெயர் பொறித்த அட்டையை இட்டாலன்றி இயங்காது. கமராவை ஒருமுறை விற்றுவிட்டு, அட்டையைப் பன்முறை விற்று இலாபமீட்டும் நோக்கமே இத்தகைய வேலிகளின் அடிப்படை என்பதை விளக்கவேண்டியதில்லை.

இவ்வாறாக, 35 மில்லிமீற்றர் உறை தந்த பொதுமை சிதைந்தது. நண்பனின் அட்டை தன் கமராவிற் பொருந்தாத நிலை தோன்றியது. கமராவை மாற்றியவர் அட்டைகளையும் அவற்றைப் படிக்கும் கருவியையும் மாற்றவேண்டியவரானார்.

இணக்கமும் அதன் விலையும்

1999ஆம் ஆண்டில் மற்சுஷிற்றா, சான்டிஸ்க், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி 'எஸ்.டி.' அட்டையை அறிவித்தன. 2000ஆம் ஆண்டில் அதற்கெனச் சங்கமொன்றும் அமைக்கப்பட்டது. 32 மில்லிமீற்றர் நீளம், 24 மில்லிமீற்றர் அகலம், 2.1 மில்லிமீற்றர் தடிப்பு, ஒன்பது தொடுகைகள், தவறி அழியாவண்ணம் தடுக்கும் ஒரு சிறு தாழ் என்பன அதன் அமைப்பாகும். அப்பெயரின் முதற்சொல் 'பாதுகாப்பானது' எனப் பொருள்படும். ஆனால், பாதுகாக்கக் கருதப்பட்டவை நமது படங்களல்ல. இசைத்தட்டு நிறுவனங்கள் தமது பாடல்கள் உரிமையின்றிப் பிரதிசெய்யப்படுமென அஞ்சிய காலமது. அவ்வச்சத்துக்கு விடையாகவே பிரதித் தடையொன்று அட்டையினுள் அமைக்கப்பட்டது. இசையின் பொருட்டு இடப்பட்ட பூட்டைப் பின்னர் பெரும்பாலோர் மறந்தனர். பெயர் மாத்திரம் நிலைத்தது.

பல நிறுவனங்கள் உரிமைக் கட்டணஞ் செலுத்தி இந்நியமத்தை ஏற்றமையால் விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தமையால் மேலும் பலர் ஏற்றனர். 2010ஆம் ஆண்டில் சோனியும் தனது கமராக்களில் எஸ்.டி. அட்டைக்கு இடமளித்தபோது, வடிவங்களின் போர் பெருமளவு ஓய்ந்தது எனலாம். 1998ஆம் ஆண்டில் யப்பானிய இலத்திரனியற் கைத்தொழில் அபிவிருத்திச் சங்கம் வகுத்த கோப்பு நியமமும் இவ்விணக்கத்திற்குத் துணைநின்றது. எந்நிறுவனத்தின் கமராவாயினும் படங்களை ஒரே பெயருடைய கோப்புறையில் வைப்பது அந்நியமத்தின் பயனேயாகும்.

எனினும், புறவடிவம் ஒன்றாயிருக்க, உட்பொருள் பலமுறை மாறியது. முதல் எஸ்.டி. அட்டையின் எல்லை இரண்டு கிகாபைற்று. 2006ஆம் ஆண்டில் வந்த 'எஸ்.டி.எச்.சி.' 32 கிகாபைற்றுவரையும், 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட 'எஸ்.டி.எக்ஸ்.சி.' இரண்டு ரெராபைற்றுவரையும், 2018ஆம் ஆண்டின் 'எஸ்.டி.யூ.சி.' 128 ரெராபைற்றுவரையும் எல்லையை விரித்தன. புதிய கமரா பழைய அட்டையை ஏற்கும். பழைய கமரா புதிய அட்டையை ஏற்காது. துளையினுள் அட்டை பொருந்துகிறது என்பது கமராவுக்கு அது விளங்குகிறது என்பதாகாது.

எழுதும் வேகமும் இவ்வாறே படிமுறையாக வளர்ந்தது. 2, 4, 6, 10 என வட்டத்தினுள் எழுதப்படும் இலக்கங்களும், 'யூ' என்ற எழுத்தினுள் வரும் 1, 3 என்பனவும், 'வி' என்ற எழுத்தையடுத்து வரும் 6, 10, 30, 60, 90 என்பனவும் தொடர்ந்து எழுதுவதற்கான ஆகக்குறைந்த வேகத்தையே குறிக்கின்றன. யூ 1 என்பது செக்கனுக்குப் பத்து மெகாபைற்று; யூ 3 என்பது முப்பது; ஏனையவற்றில் இலக்கமே அளவாகும். அட்டையின் முகப்பிற் பெரிதாக அச்சிடப்படும் எண்ணோ பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சத்தைக் குறிப்பது. பெரிய எழுத்து விற்பனையாளனின் குரல். சிறிய எழுத்து நியமத்தின் குரல். வாங்குவோர் சிறிய எழுத்தையே நோக்குதல் வேண்டும்.

உயர்தரக் கமராக்களின் தேவை எஸ்.டி. அட்டையைத் தாண்டியபோது, 2011ஆம் ஆண்டில் 'எக்ஸ்.கியூ.டி.' என்பதும், அதன் வழித்தோன்றலாக 2017ஆம் ஆண்டில் நியமம் வகுக்கப்பட்ட 'சி.எப். எக்ஸ்பிரஸ்' என்பதும் தோன்றின. பின்னையது வேறுபட்ட மூன்று அளவுகளில் வருவதால், பழைய போரின் எச்சங்கள் முற்றாக மறையவில்லை என்பதும் தெளிவாகிறது.

இன்றைய தெரிவு

மேற்காட்டிய வரலாற்றிலிருந்து தெரிவுக்குரிய நெறிகள் சிலவற்றை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அட்டையைத் தெரிவு செய்வதன் முன் கமராவின் கையேட்டை வாசித்தல் வேண்டும். அது ஏற்கும் வகை யாது, கொள்ளளவின் எல்லை யாது, விரைவுப் பொருத்துமுறை யாது என்பனவற்றைக் கையேடே கூறும். உதாரணமாக, 2011ஆம் ஆண்டில் வந்த 'யூ.எச்.எஸ். 2' முறையில் இரண்டாம் நிரைத் தொடுகைகளைக் கொண்ட அட்டை செக்கனுக்கு 312 மெகாபைற்றுவரை பரிமாறவல்லது. அதனை அத்தொடுகைகளற்ற கமராவில் இட்டால், 104 மெகாபைற்றை எல்லையாகவுடைய முந்திய முறையிலேயே அது இயங்கும். அட்டைக்குச் செலுத்திய மேலதிக விலை கமராவைப் பொறுத்தவரை வீணாகும்.

இரண்டாவது, தேவையைக் கணக்கிட்டறிதல் வேண்டும். செக்கனுக்கு நூறு மெகாபிற்று அளவில் நிகழ்படம் பதியும் கமராவுக்கு வேண்டியது, எட்டாற் பிரிக்க, 12.5 மெகாபைற்று வேகமே. வி 30 அதற்குப் போதுமானது. நானூறு மெகாபிற்றாயின் 50 மெகாபைற்று ஆகும். அதற்கு வி 60 வேண்டும். ஏட்டுச் சுவடியையோ கல்வெட்டையோ நிதானமாக ஒவ்வொன்றாகப் படமெடுப்பவருக்கு இவ்வேகங்கள் தேவையில்லை. பறவையையும் விளையாட்டையும் தொடர்ச்சியாக எடுப்பவருக்கே அவை இன்றியமையாதன. 25 மெகாபைற்று அளவான மூலக்கோப்புகளைச் செக்கனுக்குப் பத்து வீதம் எடுத்தால் 250 மெகாபைற்று சேரும். மெதுவான அட்டை அதனை விழுங்கி முடியும்வரை கமரா காத்து நிற்கும்.

மூன்றாவது, கொள்ளளவைப் பற்றியது. 64 கிகாபைற்று அட்டையொன்று 25 மெகாபைற்று அளவான ஏறத்தாழ 2,560 படங்களைக் கொள்ளும். முன்னைய கணக்கில் இஃது எழுபத்தொரு படச்சுருள்களாகும். (அவ்வட்டையைக் கணினி 59.6 எனக் காட்டுவது மோசடியன்று. ஆக்குநர் ஆயிரத்தின் மடங்கிலும் கணினி 1,024இன் மடங்கிலும் எண்ணுவதால் ஏற்படும் வேறுபாடே அது.) எழுபத்தொரு சுருள்களையும் ஒரே பையிலிட்டு ஒரே பயணத்திற் கொண்டுசெல்ல முன்னைய ஒளிப்படக்காரர் தயங்கியிருப்பர். அவ்வாறாயின், மிகப்பெரிய ஓரட்டையினும் நடுத்தரமான இரண்டு மூன்று அட்டைகளே ஆராய்ச்சிப் பயணத்துக்கு உகந்தன. கமராவில் இரு துளைகள் இருப்பின் ஒரே படத்தை இரண்டிலும் பதியச் செய்தல் மேலும் நன்று.

நான்காவது, போலிகளைப் பற்றியது. சிறிய நினைவகத்தையுடைய அட்டையின் ஆளுஞ் சில்லினை மாற்றி, பெரிய கொள்ளளவாகப் பொய்யுரைக்கச் செய்யும் வஞ்சனை உலகெங்கும் உண்டு. அத்தகைய அட்டை ஆரம்பத்திற் செம்மையாக இயங்குவதுபோலத் தோன்றும். உண்மைக் கொள்ளளவு நிரம்பியபின் எழுதப்படுவன யாவும் அழிந்துபோகும். ஆதலால், வாங்கியவுடனேயே அட்டையை முற்றாக நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தல் வேண்டும். மிக மலிவாகக் கிடைக்கும் பெருங்கொள்ளளவு எப்போதும் ஐயத்துக்குரியது.

இறுதியாக, பாவனையைப் பற்றி ஒருசில. அட்டையைத் துடைத்து ஒழுங்குபடுத்துவதைக் கணினியிற் செய்யாது கமராவிலேயே செய்தல் நன்று. எழுதும் விளக்கு எரிகையில் அட்டையைக் கழற்றலாகாது. தவறி அழித்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை. கோப்பின் விபரமே நீங்குகிறது, பதிவு பெரும்பாலும் எஞ்சுகிறது. ஆகவே, அதன்மேற் புதிதாக எதையும் எழுதாது அட்டையைத் தனியே எடுத்து வைத்தால் மீட்பதற்கு வழியுண்டு.

நினைவும் நினைவட்டையும்

இதுகாறும் கூறியவை சாதனத்தைப் பற்றியன. இனி, அதனிலும் முதன்மையான வினாவொன்றுண்டு. நினைவட்டை உண்மையில் நினைவு வைத்திருக்குமா?

மிதக்கும் கதவத்தினுள் அடைபட்ட இலத்திரன்கள் காலப்போக்கில் மெல்ல மெல்லக் கசியும். ஒரு கலத்தில் ஒரு பிற்று வைக்கப்பட்ட காலம் போய், இரண்டு, மூன்று, நான்கு பிற்றுகள் வைக்கப்படும் காலம் வந்துள்ளது. மின்னேற்றத்தின் அளவை மேலும் நுணுக்கமாகப் பகுத்தே இது செய்யப்படுவதால், விலையும் இடமும் குறையக் கசிவைத் தாங்கும் திறனும் எழுதியழிக்கும் ஆயுளும் குறைகின்றன. சில ஆண்டுகளுக்கு அட்டை நம்பத்தக்கதே. தலைமுறைகளுக்கு அது நம்பத்தக்கதன்று.

அட்டையின் வன்மையை மறுப்பதற்கில்லை. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க் நகரில் வடக்குக் கோபுரம் சரிந்தபோது உயிர்நீத்த பத்திரிகை ஒளிப்படக்காரர் பில் பிகாட் என்பவரின் கமரா இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டது. அதனுள்ளிருந்த அட்டையில் ஏறத்தாழ 150 படங்கள் பழுதின்றி இருந்தன. இறுதிப் படம் கோபுரம் சரிவதற்குச் சற்றுமுன் எடுக்கப்பட்டது. மனிதன் மறைந்தும் அட்டை சாட்சி கூறியது. ஆனால், அச்சாட்சியம் நிலைத்தது, அட்டை கண்டெடுக்கப்பட்டுப் படங்கள் உடனே பிரதி செய்யப்பட்டமையாலேயே ஆகும்.

அழிவு இடிபாட்டினால் மட்டும் நேர்வதன்று. 1996ஆம் ஆண்டில் டேர்க் ஹால்ஸ்ரெட் என்ற ஒளிப்படக்காரர் அமெரிக்க ஜனாதிபதி கிளின்ரன் ஒரு கூட்டத்தில் இளம்பெண்ணொருத்தியை அணைத்து வரவேற்பதைப் படச்சுருளில் எடுத்தார். அன்று அது பொருளற்ற படமாகவே இருந்தது. 1998ஆம் ஆண்டில் மொனிக்கா லுவின்ஸ்கி விவகாரம் வெளிப்பட்டபோது, பழைய படங்களிடையே தேடி அது கண்டெடுக்கப்பட்டு 'ரைம்' சஞ்சிகையின் அட்டைப்படமாயிற்று. இலக்கமுறையில் எடுக்கப்பட்டிருப்பின், இடத்தை மிச்சப்படுத்தும்பொருட்டு அப்படம் அன்றே அழிக்கப்பட்டிருக்கக்கூடும். எது வரலாறாகும் என்பது எடுக்கும் கணத்தில் எடுப்பவருக்குத் தெரிவதில்லை. படச்சுருள் இவ்வறியாமைக்கு இடமளித்தது. அழித்து எழுதுவதையே பெயராகவும் பெருமையாகவுங் கொண்ட நினைவகம் அதற்கு இடமளிப்பதில்லை.

ஒரேயொரு பிரதியை நம்பியிருப்பதன் பேரிழப்பை நமது சமூகத்துக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அடங்கும். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இலக்கமுறையிற் படியெடுத்துப் பேணுவது இவ்விழப்பின் பாடத்தை உணர்ந்தமையால் எனலாம். ஆனால், அத்தகைய பணியில் ஈடுபடும் மாணவனொருவன் கிராமமொன்றிலே கறையான் அரித்த ஏட்டைப் படமெடுத்து, அப்படத்தை ஓரட்டையில் மாத்திரம் விட்டுவைப்பானாயின், அவ்வேட்டைக் காப்பாற்றியவனாக மாட்டான். ஏடு ஒன்று என்றிருந்த இடத்தில் அட்டை ஒன்று என்றாக்கியவனே ஆவான்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, நினைவட்டையின் வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. உணர்தலிலிருந்து சேமித்தல் பிரிந்தமையால் அட்டை பிறந்தது. நிறுவனங்களின் போட்டியினாலும் பின்னர் இணக்கத்தினாலும் அதன் உருவமும் குறிகளும் அமைந்தன. படச்சுருள் ஆற்றிய மூன்று தொழில்களுள் நீடித்துப் பேணும் தொழிலை மட்டும் அது இன்றுவரை ஏற்கவில்லை; அத்தொழில் மனிதரின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

ஆகவே, கமராவின் கையேட்டுக்கு இயைந்ததும், தேவைக்குப் போதிய ஆகக்குறைந்த வேகமுடையதும், நம்பத்தக்க இடத்தில் வாங்கப்பட்டதுமான நடுத்தர அட்டைகள் சிலவே நல்ல தெரிவாகும். அத்தெரிவின் விலையில் ஒரு பங்கைப் படங்களைப் பிரதிசெய்து வைக்கும் வன்தட்டுக்கென ஒதுக்குதலும் அத்தெரிவின் பகுதியே. படமெடுத்த அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதிசெய்து, இயலுமாயின் மூன்றாவதை வேறோர் ஊரில் வைத்து, அவை சரியாகத் திறக்கின்றன எனக் கண்டபின்னரே அட்டையை அழித்தல் வேண்டும். அட்டை படத்தைச் சுமந்து செல்லும் ஓடமேயன்றி, அது சென்று சேரவேண்டிய கரையன்று.